பூஜ்யம் காட்டிய போன்

அத்தியாயம் 6

"ஆதாரம் இல்லாமயா ஒருத்தியைத் திருடின்னு சொல்லுவேன்? ஆதாரம் இருக்கு. அது எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கத்தான் உங்களைக் கூப்பிட்டிருக்கேன்" என்றார் சீஃப் அனிக்வே.

மேடம் உலோமா கைக்குட்டையால் நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தார். காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காக, எரிந்த கடைகளின் சாம்பலைப் பல வருஷம் கிளறியவர். எது தானாகப் பிடித்த தீ, எது முதலாளி பிடிக்கவைத்த தீ என்று முகர்ந்தே சொல்லிவிடுவார். இப்போது சொந்தமாகத் துப்பறிகிறார். அவருடைய உதவியாளன் நான், ஜிடே. வண்டி ஓட்டுவதும் அடி விழுந்தால் வாங்கிக்கொள்வதும் என் வேலை. வாய் இலவச இணைப்பு.

"பிரமாதம் சீஃப். குற்றம் ரெடி, குற்றவாளி ரெடி, ஆதாரம் மட்டும்தான் வரணும். மத்தவங்க எல்லாம் இதைத் தலைகீழா செஞ்சு டயத்தை வீணாக்கறாங்க" என்றேன்.

சீஃப் மேடத்தைப் பார்த்தார். "உங்க ஆள் எப்பவுமே இப்படித்தானா?"

"சாப்பிடறப்ப நிறுத்துவான்."

நைஜீரியாவின் ஒனிச்சா நகரத்து மோட்டார் உதிரிபாகச் சந்தையில், சீஃபின் கடைக்கு மேல்மாடி அது. சுவரெல்லாம் அட்டைப் பெட்டிகள். அந்தப் பெட்டிகளுக்கு நடுவே, ஷாக் அப்சார்பர் பெட்டி ஒன்றின் மேல் எபெரே உட்கார்ந்திருந்தாள். போனில் பாடம் படிக்கிற செயலி ஒன்றைச் செய்து விற்பவள். கண்கள் சிவந்திருந்தன. அழுததால் அல்ல. அவளுடைய மடிக்கணினி சீஃபின் முழங்கைக்குக் கீழே சிறைப்பட்டிருந்தது.

நான் ஜன்னல் திரையை விலக்கிக் கீழே பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம்.

காலையில் சீஃப் இதே ஜன்னலில் நின்றுகொண்டு, "திருடி! என் கடைக்குள்ள திருடி!" என்று சந்து முழுக்கக் கேட்கும்படி கத்தியிருக்கிறார். எங்கள் ஊர்ச் சந்தையில் அந்த வார்த்தையைச் சும்மா சொல்லக்கூடாது. சொன்னால் கூட்டம் கூடும். கூடியிருந்தது. யாரோ ஒரு பழைய டயரை உருட்டி வந்து படிக்கட்டுக்குக் கீழே சாய்த்து வைத்திருந்தார்கள். இந்தச் சந்தையில் டயர் கிடப்பது அதிசயமில்லை. ஆனால் இந்த டயருக்குப் பக்கத்தில் ஒரு பெட்ரோல் கேனும் இருந்தது. அதை விற்க யாரும் கொண்டுவரவில்லை. கழுத்தில் மாட்டிக் கொளுத்தத்தான் கொண்டுவந்திருந்தார்கள்.

"சந்தை மூடற வரைக்கும் டைம்" என்றார் சீஃப். "அதுக்குள்ள என் ரகசியத்தை இவ எப்படி வித்தாள்னு சொல்லுங்க. போலீஸ்கிட்ட பத்திரமா ஒப்படைக்கறேன். இல்லன்னா ஷட்டரைத் தூக்கிட்டு நான் என் வீட்டுக்குப் போறேன். என் கடை, என் ஷட்டர்."

"தூக்குங்களேன்" என்றாள் எபெரே. "நான் வெந்தாலும் உங்க பசங்களுக்குச் சீனம் வராது."

"வாயைப் பாருங்க மேடம். வாயைப் பாருங்க."

"வாயை அப்புறம் பாக்கறேன்" என்றார் உலோமா. "கதையை ஒருத்தர் மட்டும் சொல்லுங்க."

சீஃப் சொன்னார். அவரிடம் முப்பது பையன்கள் தொழில் பழகுகிறார்கள். சம்பளம் கிடையாது, சோறும் படுக்கையும் உண்டு. வருஷக்கணக்கில் உழைத்தால் கடைசியில் முதலாளி தனிக்கடை வைத்துத் தர வேண்டும். இந்த முறை முதலிடம் பிடிப்பவனைச் சீனாவிலிருக்கும் குவாங்சோவுக்கே அனுப்பி, கொள்முதல் முழுவதையும் அவன் கையில் கொடுப்பதாக அறிவித்திருந்தார். அதற்குச் சீன மொழி தெரிய வேண்டும். அதற்குத்தான் எபெரேயின் செயலி. உதிரிபாகத்தின் பெயரைப் போன் சீனத்தில் சொல்லும். பையன் அர்த்தத்தை மனசுக்குள் சொல்லிவிட்டு அட்டையைத் திருப்பிச் சரிபார்க்க வேண்டும். பின்பக்கத்தில் அர்த்தம் இருக்கும். கூடவே, அதை எந்தச் சீனன் கடையில் வாங்குவது, கடைசியாக என்ன விலைக்குப் படிந்தது என்பதும் இருக்கும்.

"விலையைப் போடாதீங்கன்னு நான் கத்தினேன்" என்றாள் எபெரே.

"விலை தெரியாதவன் மொழி தெரிஞ்சு என்ன பண்ணுவான்? காதல் கவிதை எழுதுவானா?" சீஃப் மேஜையில் தட்டினார். "ரெண்டே மாசம் மேடம். அந்த உடேகா, எதிர்ச் சந்துல இருக்கானே, என் பரம எதிரி, அவன் இப்ப நான் வாங்கற அதே கடையில, நான் வாங்கற அதே விலைக்கு வாங்கறான். அதே ரெண்டு மாசமா என் பசங்க கார்டெல்லாம் குட்டிச்சுவரு. ஒவ்வொருத்தனுக்கும் நூத்துக்கணக்குல குவியுது. முந்தாநாள் படிச்சது இன்னிக்குக் காணாமப் போகுது. விலையை இவ உடேகாவுக்கு வித்தா. கண்டுபிடிக்காம இருக்க கார்டைக் குழப்பிவிட்டா. இதுக்குத் துப்பறியறவங்க எதுக்கு? என் மாமியாருக்கே புரியும்."

"அப்ப மாமியாரையே கூப்பிட்டிருக்கலாம்" என்றேன்.

மேடம் எபெரே பக்கம் திரும்பினார். "கார்டு குழம்பினது உண்மையா?"

"உண்மை."

"ஏன்?"

"தெரியல." அந்த வார்த்தையைச் சொல்ல அவளுக்குப் பல் வலித்தது. "எத்தனை ராத்திரி முழிச்சுப் பாத்துட்டேன். கணக்கு சரியா இருக்கு. ஆனா இவரு பசங்க எல்லாருக்கும் மூளையில ஓட்டைன்னு என் கணக்கு சொல்லுது. ஒருத்தனைத் தவிர."

அந்த ஒருத்தன் சீஃபின் நாற்காலிக்குப் பின்னால் நின்றான். ஒலிசா. சலவை மடிப்புக் கலையாத சட்டை. சீஃபின் கோப்பை காலியானதும் மால்ட் பானம் ஊற்றினான். ஊற்றும்போது ஒரு சொட்டு வெளியே விழவில்லை.

"காட்டுடா" என்றார் சீஃப் பெருமையாக.

ஒலிசா போனை நீட்டினான். இன்று படிக்க வேண்டிய அட்டைகள்: பூஜ்யம்.

"தினமும் பூஜ்யம். பிள்ளைன்னா இவன்தான். இந்தப் பொண்ணு உடேகா கடையிலேர்ந்து வெளிய வந்ததைப் பாத்தவனும் இவன்தான்."

"உடேகாவுக்கு நான் செயலியை விக்கப் போனேன்! அந்தாளு வேணாம்னு துரத்தினாரு!"

"பாத்ததைச் சொன்னேன் அக்கா" என்றான் ஒலிசா தாழ்மையாக. "ஓகா எனக்கு முதலாளி, சோறு போடறாரு. பாத்ததைச் சொல்லலன்னா பாவம்."

"அக்கான்னு கூப்பிட்டே, நாக்கை இழுத்து வெச்சுத் தைப்பேன்."

மேடம் எபெரேயின் போனை வாங்கி என் கையில் போட்டார். "ஜிடே, படி."

"நானா? பள்ளிக்கூடமே என்னைக் கைகழுவிடுச்சு மேடம்."

"படிடா."

போன், ஒரு சீனப் பெண்ணின் குரலில், "லுன்-தாய்" என்றது. தெரியவில்லை. திருப்பினேன். டயர். நல்ல நேரத்தில் நல்ல வார்த்தை. கீழே நான்கு பொத்தான்கள்: மறந்துட்டேன், கஷ்டம், பரவாயில்லை, எளிது. முதலாவதை அழுத்தினேன். ஐந்தாறு அட்டை தாண்டி மறுபடி "லுன்-தாய்" வந்தது. "டயர்!" என்று கத்திவிட்டு அடுத்த அட்டைக்குப் போனேன்.

"நில்லு" என்றார் மேடம். "பதில் சரிதானே?"

"சரிதான்."

"அப்ப ஏன் 'கஷ்டம்' அழுத்தின?"

என் கட்டைவிரலைப் பார்த்தேன். "தெரியல மேடம். அதுவா போச்சு."

மேடத்தின் உதட்டோரம் லேசாக அசைந்தது. சாம்பலுக்குள் தீக்குச்சி கிடைத்தால் அப்படித்தான் அசையும்.

"'கஷ்டம்'னு அழுத்தினா என்ன ஆகும்?" என்று எபெரேயிடம் கேட்டார்.

"நாளைக்கே திரும்ப வரும். 'எளிது'ன்னா அது பல வாரத்துக்கு வராது. அந்த இடத்துக்குப் புதுசா ஒண்ணு வரும்."

"கீழே வா ஜிடே. பசங்களைப் பாப்போம்."

கீழே ஷட்டருக்கு உட்புறம், பிஸ்டன் பெட்டிகளுக்கு நடுவே பையன்கள் குந்தியிருந்தார்கள். எல்லாம் இருபது வயதைத் தாண்டிய தடிப்பயல்கள். ஷட்டரின் மறுபக்கத்திலிருந்து யாரோ இரும்புக் கம்பியால் தட்டிக்கொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பையன்களின் தோள் ஒரு முறை உயர்ந்து இறங்கியது.

உசோ என்ற நெட்டையன் எங்களைப் பார்த்து முறைத்தான். "போலீஸா?"

"அவ்வளவு நல்ல சம்பளம் இல்லப்பா" என்றேன்.

"அப்ப பதில் சொல்ல வேண்டியதில்லை."

"சொல்ல வேணாம்" என்றார் மேடம். "போனைக் குடு."

உசோ ஒரு போனைக் கொடுத்தான். மேடம் கையை மடக்கவில்லை. "இன்னொண்ணு?"

"எந்த இன்னொண்ணு?"

"காற்சட்டையோட இடது பையில உனக்குத் தொடை வீங்கியிருக்கே, அது."

முனகிக்கொண்டே இரண்டாவதையும் கொடுத்தான். இரண்டிலும் அதே செயலி, அதே பெயர். ஒன்றில் இன்றைய அட்டைகள் இருநூறுக்கு மேல். மற்றதில் நாற்பது.

"ஒரே ஆளு, ரெண்டு போன், ரெண்டு கணக்கு. எது நிஜம்?"

"ரெண்டும்தான். ராத்திரி நெட் கிடைக்கறப்ப, 'ரெண்டும் ஒத்துப்போகல, எதை வெச்சுக்கட்டும்?'னு போனே கேக்கும்."

"நீ எதை வெச்சுப்ப?"

உசோ ஒரு முட்டாளைப் பார்ப்பதைப் போல என்னைப் பார்த்தான். கேள்வி கேட்டது மேடம், பார்வை எனக்கு. "குறைச்சலா கேக்கறதை. ரெண்டு கடையில விலை கேட்டு, மலிவான கடையில வாங்கறது தப்பா?"

"அப்ப இருநூறு காட்டற போன்ல நீ அன்னிக்குப் படிச்சது?"

"போகட்டும். பாரம் குறையுதில்ல?"

"மத்தவங்க?"

எல்லோரும் ஒரே நேரத்தில் இடது தொடையைக் கையால் மறைத்துக்கொண்டார்கள்.

மாடிப்படியில் மேடம் நின்றார். "உங்கம்மா இன்னும் விக் முடி விக்கறாங்களா?"

"பெரிய சந்தையில பாதித் தலை எங்கம்மா குடுத்ததுதான்."

"அவங்களுக்குப் பிடிச்ச சரக்கை மொத்த வியாபாரி காட்டினா என்ன சொல்லுவாங்க?"

"'என்னப்பா இது, செத்த ஆடு மாதிரி இருக்கு'ன்னுவாங்க. அப்பதான் விலை எறங்..." என் வாய் பாதியில் நின்றது. என் வாய் பாதியில் நிற்பது அபூர்வம்.

"பேசாம வா" என்றார் மேடம்.

மேலே சீஃப் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். "கூட்டம் பெருகுது. ஆதாரம் கிடைச்சுதா?"

"கிட்டத்தட்ட. பசங்களை மேல வரச் சொல்லுங்க. அப்புறம் நீங்க ஒரு சின்ன வேலை செய்யணும். இந்தப் போனைப் பிடிங்க. உங்களுக்கே இந்தச் சீனம் தெரியுதான்னு பாக்கணும்."

"எனக்கா?" சீஃப் நாற்காலியில் நிமிர்ந்தார். "இந்தப் பசங்க பொறக்கறதுக்கு முன்னாலேயே நான் குவாங்சோவுல சண்டை போட்டவன். போடுங்க!"

பையன்கள் சுவரோரம் அடைத்து நின்றார்கள். போன் பேசியது. "ஷா-ச்ச பியென்."

"பிரேக் பேட்!" என்று கர்ஜித்தார் சீஃப். போன் அடுத்த மூச்சு விடவில்லை, பதில் வந்துவிட்டது. அட்டையைத் திருப்பினார். சரி. கட்டைவிரல் கீழே இறங்கியது.

"அப்படியே நில்லுங்க" என்றார் மேடம். "விரலை எடுக்காதீங்க. எங்க இருக்கு?"

சீஃப் குனிந்து பார்த்தார். முப்பது பையன்களும் எட்டிப் பார்த்தார்கள்.

கட்டைவிரல் 'கஷ்டம்' மேல் இருந்தது.

"தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவீங்க. அப்புறம் எப்படி சீஃப் கஷ்டம்?"

"அது..." சீஃப் தடுமாறினார். பிறகு கோபம் வந்தது. "பின்னே எளிதுன்னா சொல்லுவாங்க? எதிராளிகிட்ட எனக்கு இது எளிதுன்னு ஒத்துக்கிட்டா அடுத்தது ரெண்டு மடங்கா தலையில கட்டுவான்! எந்த மடையன் சொல்லுவான்?"

அறையில் யாரோ மூக்கால் சிரித்தார்கள். நான்தான்.

"கேட்டியாம்மா?" மேடம் எபெரேயைப் பார்த்தார். "உன் கணக்கு சரிதான். உன் வாடிக்கைக்காரங்கதான் உன் செயலிகிட்ட பேரம் பேசிட்டிருக்காங்க. தெரிஞ்சதையும் கஷ்டம்னாங்க. கஷ்டம்னதால நாளைக்கே திரும்ப வந்துது. தினம் தினம் வந்து மலையாக் குவிஞ்சுது. குவிஞ்சதும் ரெண்டாவது போனைத் திறந்து, எந்தப் போன் கம்மியாக் கேக்குதோ அதை வெச்சுக்கிட்டு, படிச்சதைத் தூக்கிப் போட்டாங்க. இதுல யாரும் எதையும் கெடுக்கல. பழக்கம்."

எபெரே இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "எத்தனை ராத்திரி! எத்தனை ராத்திரிடா பாவிகளா! வாயைத் திறந்து ஒருத்தன் சொல்லியிருக்கக் கூடாதா?"

"எதிராளிகிட்டயா?" என்றான் உசோ.

சீஃப் போனை மேஜையில் எறிந்தார். அவமானத்தை அவர் கோபமாக மாற்றிக்கொள்ளும் வேகம் அபாரம். "சரி! கார்டு கெட்டது என் பசங்களால. விலை? என் கொள்முதல் விலை உடேகாகிட்ட போனது? அது கால் முளைச்சுத் தானா சந்து தாண்டிப் போச்சா? பின்பக்கத்துல எல்லா விலையும் ஒண்ணாப் பாக்க முடிஞ்சவ இவ ஒருத்திதான். பசங்க யாரும் பாதி கார்டு கூடத் தாண்டல. கட்டுங்கடா இவளை!"

இரண்டு பையன்கள் அரைமனதாக நகர்ந்தார்கள். எபெரே பெட்டி மேலிருந்து எழுந்து, கைக்குக் கிடைத்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டாள். ஷட்டர் மேல் கம்பித் தட்டல் வேகமாயிற்று. அவர் சொன்னதில் தவறும் இல்லை. மேடம் பாதி வழியில் மாட்டிக்கொண்டார் என்றுதான் நினைத்தேன்.

மேடம் சாவகாசமாக என் பக்கம் திரும்பினார். "ஜிடே, உங்கம்மா கடைக்கு ஒருத்தன் வரான். சொன்ன விலையை அப்படியே குடுத்துட்டு வாங்கிட்டுப் போறான். ஒரு வார்த்தை பேரம் இல்ல. உங்கம்மா என்ன நினைப்பாங்க?"

"அவன் காசு இல்ல, வேற யாரோ குடுத்தனுப்பியிருக்காங்கன்னு நினைப்பாங்க. நோட்டை வெளிச்சத்துல பிடிச்சும் பாப்பாங்க."

"சீஃப், இந்த அறையில முப்பத்திரண்டு வியாபாரிங்க கட்டைவிரல் இருக்கு, ஜிடேவையும் சேத்து. அதுல முப்பத்தொண்ணு 'கஷ்டம்' பக்கம்தான் போச்சு. ஒண்ணு மட்டும் ஒவ்வொரு கார்டுக்கும் 'எளிது'ன்னே அழுத்தியிருக்கு."

எல்லோருடைய தலையும் சீஃபின் நாற்காலிக்குப் பின்னால் திரும்பியது.

"நான்... நான் உண்மையைச் சொன்னேன் மேடம்" என்றான் ஒலிசா. "எனக்கு எளிதா இருந்துது."

"அப்படியே இருக்கட்டும். ஒரே ஒரு கேள்வி. ரொம்பச் சின்னது." மேடம் எபெரேயிடம் குனிந்தார். "முதல் நாள் எல்லாருக்கும் வர முதல் கார்டு எதும்மா?"

எபெரேயின் முகத்தில் முதல் முறையாக ஒரு சிரிப்பு வந்தது. அன்பான சிரிப்பு அல்ல. "'விலை ரொம்ப ஜாஸ்தி.' அது இல்லாம இவங்க யாரும் சீனாவுல விமானத்தை விட்டே எறங்க மாட்டாங்க."

"ஒலிசா, விலை ரொம்ப ஜாஸ்திங்கறதைச் சீனத்துல சொல்லுப்பா."

ஒலிசா உதட்டை நனைத்துக்கொண்டான். கண்கள் கூரையைத் தேடின. மடிப்புச் சட்டையின் அக்குளில் ஈரம் படர்ந்தது.

"யாராவது உதவுங்கப்பா" என்றார் மேடம்.

"தாய் குய் ல!" என்று முப்பதில் இருபத்தொன்பது தொண்டைகள் கத்தின. மூளையில் ஓட்டை என்று கணக்கு சொன்ன அதே பையன்கள். சுவரிலிருந்து காரை உதிர்ந்தது.

சீஃப் மெதுவாக எழுந்தார். "நான் குவாங்சோவுக்கு அனுப்பறதா இருந்தவன்..."

"அவனுக்குச் சீனம் எதுக்கு?" என்றார் மேடம். "எளிது, எளிது, எளிதுன்னு அழுத்தினா பழசு ஓடிப்போகும், புதுசு வரும். புதுசு வந்தா பின்பக்கத்துல புது விலை வரும். ஒரு கார்டு விடாம உங்க கடையோட அடிவயித்தை உருவி எடுத்திருக்கான். எடுத்து முடிச்சா பூஜ்யம். நீங்க அதைப் பாத்துத் தோள்ல தட்டிக் குடுத்தீங்க. எபெரே, செயலியில ஏதாவது மாத்தப் போறதா இருந்தியா? இவனுங்ககிட்ட சொல்லியிருந்தியா?"

"போன வாரமே சொன்னேன். இனிமே பதிலை வாய்விட்டுச் சொல்லணும், போன் கேட்டுச் சரிபாக்கும்னு. நாளைக்கு வர வேண்டியது."

"நாளைக்கு வந்திருந்தா இந்தப் புத்திசாலி ஊமைன்னு தெரிஞ்சிருக்கும். அதனால இன்னிக்கே நீ திருடி ஆக வேண்டியிருந்துது."

ஒலிசா ஓடவில்லை. ஓட இடமும் இல்லை. கையிலிருந்த மால்ட் பாட்டிலை மேஜையில் வைத்தான். தாழ்மையெல்லாம் முகத்திலிருந்து வழிந்து போயிற்று.

"ஆமா ஓகா. உடேகாகிட்ட குடுத்தேன். கடை வெச்சுத் தரேன்னாரு. நீ வெச்சுத் தருவியா? போன தடவை தொழில் பழகற காலம் முடிய ஒரு மாசம் இருக்கறப்ப நாஜியைத் திருடன்னு சொல்லித் துரத்தினே. அதுக்கு முந்தி எமேனிகே. ஒவ்வொருத்தனுக்கும் கடை வெக்கற நேரம் வந்தா உன் கல்லாவுல ஏதாவது காணாமப் போகும். என் முறை வரதுக்குள்ள நான் முந்திக்கிட்டேன்."

பையன்கள் யாரும் அவனைத் திட்டவில்லை. அவர்கள் சீஃபைப் பார்த்தார்கள். அந்தப் பார்வைக்குப் பதிலாக நான் என்றால் கீழே இருக்கும் கூட்டத்தையே தேர்ந்தெடுப்பேன்.

சீஃப் ஜன்னலை நோக்கிப் பாய்ந்தார். வாய் திறந்து "திரு..." வரை வந்துவிட்டது. மேடம் திரையைப் பிடித்து இழுத்து அவர் முகத்தின் மேலேயே மூடினார்.

"அந்த வார்த்தையை இன்னொரு தடவை இந்த ஜன்னல்ல சொன்னீங்கன்னா, கொலைக்குத் தூண்டினீங்கன்னு முதல் சாட்சி நான். இவனைப் போலீஸ் கூட்டிட்டுப் போகட்டும், பின்வாசல் வழியா. வக்கீலை வெச்சு நீங்க ரெண்டு பேரும் கடிச்சுக்குங்க. உங்க கணக்கு அங்க தீரட்டும். இங்க தீர வேண்டியது வேற ஒண்ணு."

எபெரே மடிக்கணினியை மேஜையிலிருந்து எடுத்து, தூசியை ஊதினாள்.

"சரி, போ" என்றார் சீஃப். "டேய், ஷட்டரைத் தூக்குங்கடா."

"தூக்காதீங்க" என்றாள் எபெரே. "முதல்ல சொல்லுங்க. காலையில எங்க நின்னு சொன்னீங்களோ, அங்க நின்னு."

"என்ன சொல்லணும்?"

"நான் திருடி இல்லன்னு."

சீஃபின் முகம், பட்டனை விழுங்கியவர் மாதிரி ஆயிற்று. "அதெல்லாம் எதுக்கும்மா? பசங்க சொல்லி அனுப்புவாங்க. ஒரு வருஷத்துச் சந்தாவை முன்பணமாத் தரேன்."

எபெரே மடிக்கணினியின் தூசியை இன்னொரு முறை ஊதினாள்.

"ரெண்டு வருஷம்."

அவள் பெட்டி மேல் திரும்ப உட்கார்ந்தாள்.

"இதோ பாரு பொண்ணே, மூணு. புது போன் ஒண்ணும் தரேன். என்னதான் வேணும்? நீயே ஒரு விலை சொல்லு!"

"சொல்லிட்டேன்."

என் வாழ்நாளில் எத்தனையோ பேரம் பார்த்திருக்கிறேன். விற்பவர் வாயே திறக்காமல் வாங்குபவர் இப்படி வியர்த்து நான் பார்த்ததில்லை. சீஃப் உசோவைப் பார்த்தார், மற்றவர்களைப் பார்த்தார். அந்த முப்பது முகங்களில் ஒன்றுகூட அவருக்கு விலை குறைத்துத் தருவதாக இல்லை. திரையை விலக்கினார்.

"அந்தப் பொண்ணு... திருடி இல்ல" என்றார், ஜன்னல் சட்டத்திடம்.

"காதுல விழல!" என்று எதிர்க்கடையிலிருந்து ஒரு குரல் வந்தது. கேஸ்கெட் விற்கும் அம்மா. சீஃபுக்கும் அவளுக்கும் நடைபாதை விஷயமாக ஜென்மப் பகை.

"எபெரே திருடி இல்ல!"

"யாரு இல்ல?"

"எபெரே! எபெரே திருடி இல்ல! நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்!" தொண்டை கிழியக் கத்தினார் சீஃப்.

எங்கேயோ ஒரு சிரிப்பு கிளம்பி, கடை கடையாகத் தாவி, சந்தின் மறுமுனைவரை போயிற்று. கூட்டம் வந்தபோது இருந்த ஒற்றுமை போகும்போது இல்லை. அவரவர் ஏமாற்றத்தை அவரவர் திட்டிக்கொண்டே கலைந்தார்கள்.

ஷட்டர் உயர்ந்தது. எபெரே மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள். நானும் மேடமும் இரண்டடி பின்னால்.

கேஸ்கெட் அம்மா கடையை விட்டு எழுந்து நின்றாள். "ஏ பொண்ணே! அந்தச் சீனப் பாடம் என் பசங்க பன்னெண்டு பேருக்கும் வேணும். என்ன விலை?"

எபெரே நிற்காமலே விலையைச் சொன்னாள்.

"ஐயோ! பகல் கொள்ளை! அதுல பாதி தரேன்!"

"அப்ப வேணாம்" என்றாள் எபெரே. திரும்பிப் பார்க்கவில்லை.

கேஸ்கெட் அம்மா அவள் பின்னால் ஓடுவதற்காகக் குனிந்து, பலகைக்கு அடியில் செருப்பைத் தேட ஆரம்பித்தாள்.